பூ நாரில் இறக்கி வைக்காத சுமை

என் தலைமுடியை இழுத்துப் பின்னி, வலிக்கிறது என்றால் இன்னும் இழுத்த தனம் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சாப்பாட்டு மேசை மேல் விரிந்து கிடந்த வரைபடத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். பல் துலக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவள், பாண்டிச்சேரியில் கல்லூரி வரை படித்தவள், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித் தருகிறவள், ஒரு காகிதத்துக்குப் பயந்து அதை ஒளித்தேன் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்தக் காகிதத்தில் உன் ஊர் இருக்கிறது.

பூ நார். பூ என்றால் அந்த மலைக்காரர்கள் பேச்சில் ஊர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். படத்தில் பச்சைச் சாயத்தின் நடுவே, எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில் அந்தப் பெயர். அதன் கீழே பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்: ஆளில்லாதது. ஓர் இடத்துக்குப் பெயர் இருந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இனி எப்படிச் சொல்வேன்?

படம் மாப்பிள்ளையுடையது. உன் மாப்பிள்ளை, அக்கா. உன் மகள் கமலாவுக்குப் போன வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. பையன் பெயர் நடராசன், காட்டிலாகாவில் உத்தியோகம், என் வீட்டிலேயே இருக்கிறார்கள். நீ அவளை என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் அதே மலைக்குப் போகிறேன் என்கிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குழப்பிச் சொன்னால் நீ முதுகில் ஒன்று வைப்பாய்.

தொங் நாய் ஆற்றுக்கு மேலே இருக்கும் அந்த மலைகளையெல்லாம் சர்க்கார் காப்புக்காடாக அறிவித்துவிட்டது. இனி அங்கே யாரும் மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது, குடியிருக்கவும் கூடாது. காவலுக்கு ஒரே ஒரு வீடு மட்டும் கட்டுவார்களாம். அதற்கு வெட்டவெளி வேண்டும். அத்தனை பெரிய காட்டில் வெட்டவெளியாக மிச்சம் இருப்பது பூ நார்தான். நீ வாழ்ந்த இடம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மாப்பிள்ளை இதைச் சொன்னார்.

"தெத் புதுவருசம் முடிஞ்சதும் கெளம்பணும் அத்தை. மழைக்கு முன்னாடி கூரை ஏறிடணும்னு எங்க தொரை மிசே கண்டிஷனா சொல்லிட்டாரு."

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை. கமலாவ நான் பாத்துக்கறேன்."

கமலா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "நானும் போறேன்" என்றாள்.

"எங்கடி போறே, கடைக்கா?"

"பூ நாருக்கு. பிரசவமும் அங்கதான்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "மருத்துவச்சிக்குப் புலியத்தான் கூப்பிடணும்" என்றார். நாங்கள் இருவரும் சிரிக்காததைப் பார்த்து, தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

"வெளையாடாதே கமலா. இது ஒனக்குத் தலைப்பிரசவம்."

"அதான் சின்னம்மா நானும் சொல்றேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? எங்க அம்மா வீடு அதுதானே?"

அக்கா, நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டேன். அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை தேடிச் சைகோன் முழுக்க அலைந்தது இந்த வீட்டிலிருந்துதான். அவள் பெரியவளானபோது பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்களுக்கெல்லாம் புட்டு அவித்துக் கொடுத்ததும் இந்த வீட்டில்தான். ஏழாம் மாதத்தில் கைநிறைய வளையல் போட்டு அவளை உட்கார வைக்கப் போகிறேன் என்று கூடம் முழுக்க வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். அவளுக்குத் தாய் வீடு இது இல்லையாம். ஒரு மனிதர்கூட இல்லாத காடாம்.

ஆனால் வருத்தம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பயம் இன்னும் போகவில்லை. கணக்குப் போட்டுப் பார். அவளுக்கு வலி எடுக்கும் சமயத்தில் மழை பிடித்திருக்கும். மழை பிடித்தால் பாதை மூடிவிடும். உனக்கும் அப்படித்தானே ஆயிற்று?

உன் கதை கமலாவுக்குத் தெரியும். நான் எதையும் மறைத்து வளர்க்கவில்லை. அத்தானுக்கு அங்கே காவல் உத்தியோகம். உங்கள் வீட்டைச் சுற்றி மலைக்காரர்கள் குடியிருந்தார்கள். பெண்கள் உன்னை ஓடைக்குக் கூட்டிப்போவார்கள். மூங்கிலுக்குள் அரிசி வேகவைக்கக் கற்றுக்கொண்டேன் என்று நீ வந்து பெருமையடித்தாய். அட்டைக்குப் புகையிலைச் சாறு தடவுவதையும், விடிகாலையில் குரங்குகள் பாட்டுக் கச்சேரி நடத்துவதையும் நடித்தே காட்டினாய். அப்போது என் வீட்டுக்காரர் தவறி நான் தனியாக இருந்தேன். திரும்பவும் மலை ஏறும்போது கமலாவின் கையைப் பிடித்து என் கையில் வைத்து, "ஒனக்குத் தொணைக்கு இருக்கட்டும்" என்றாய். வயிற்றில் இன்னொன்று இருந்தது. ஏழாம் மாதத்துக்குள் இறங்கி வந்துவிடுகிறேன் என்றாய்.

மழை முந்திக்கொண்டது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நீ போய்விட்டாய். அத்தான் உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு இறங்கி வந்தார். அப்புறம் கப்பலேறிக் காரைக்காலுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அவரும் இப்போது இல்லை. அங்கேயாவது உன்னைப் பார்த்தாரா?

நீ போன பிறகு ஊரும் போய்விட்டது. பிள்ளையைச் சுமந்தபடி ஒருத்தி இறந்த ஊரில் மலைக்காரர்கள் குடியிருக்க மாட்டார்களாம். வீடுகளைப் பிரித்து, பானை சட்டியையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப் போனவளுக்கு நம் ஊரில் மட்டும் யார் பயப்படவில்லை? நாம் கல் நடுகிறோம். அவர்கள் ஊரையே விட்டுக்கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை போன மாதம் இடம் பார்க்கப் போய்வந்தார். மனிதர்கள் வைத்துவிட்டுப் போன பலாமரங்கள் இன்னும் காய்க்கின்றனவாம். பறிக்க ஆளில்லாமல் பழுத்து விழுந்து, அந்த வாசனை மலை முழுக்க வீசுகிறதாம். நெல் குத்தும் மர உரல் ஒன்று புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்ததாம். உன்னை வைத்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்டவெளியின் ஓரமெல்லாம் மூங்கில் மூடிவிட்டது. அவர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு அந்தப் பலாப்பழ வாசனை வருகிறது. நான் பார்க்காத இடத்தின் வாசனை எனக்கு எப்படி வரும்?

புலிக்குப் பயம். காய்ச்சலுக்குப் பயம். மரங்களுக்கு நடுவே பகலிலும் வெளிச்சம் விழாத அந்தப் பச்சைக்குப் பயம். இதையெல்லாம் வெளியே சொல்லலாம். சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. இதை யார் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும், உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு உன்னிடம் பயமாக இருக்கிறது, அக்கா. இத்தனை வருடம் ஆளில்லாத இடத்தில் தனியாக இருந்துவிட்டு, இப்போது உன் மகளை நீ கூப்பிடுகிறாயோ என்று பயமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி இப்படி நினைத்ததற்காக அம்மன் கோயிலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நினைப்பு போகவில்லை.

இன்று காலை, நான் படத்தை ஒளித்துவிட்டுத் திரும்புவதற்குள் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யிலிருந்து மருத்துவச்சி வந்துவிட்டாள். துறைமுகத்து மூட்டைக்காரர்களின் வீடுகளிலெல்லாம் பிள்ளை வாங்கிய கை அவளுடையது. வெற்றிலை மென்று மென்று பல்லெல்லாம் கறுப்பு. கமலாவைப் படுக்கவைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"பையன்தான்" என்றாள் வியட்நாமியத்தில். "இல்லாட்டிப் பொண்ணு. நான் சொன்னது இதுவரைக்கும் தப்பினதே இல்லை."

கமலா சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டாள்: "அம்மா போன மாதிரியே மகளும் போவாளா?"

மருத்துவச்சியின் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு கமலாவின் சேலையைச் சரிசெய்து, "உன் இடுப்பு எருமை இடுப்பு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. உன் தலைக்குள்ள இருக்கறதுதான் கோணலா கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தெத் சமயத்தில் யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது, சீட்டாடப் போய்விடுவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

நான் கமலாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அவளுடையது பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். உன் மகள்தானே, பிடிவாதத்துக்கா பஞ்சம்? கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது.

"என்னடி கேக்கறே அவகிட்ட?"

"கார்த்திகையில கப்பல்ல வந்தாங்களே, அப்பாவோட தங்கச்சி, காரைக்கால் அத்தை. அவங்க எங்கிட்ட கேட்டாங்க சின்னம்மா. ஒங்கம்மாவுக்கு எங்க கல்லு நட்டீங்கன்னு."

"நாம எங்க நட்டோம்? அது அத்தான் வீட்டுல செய்யறதாச்சே. காரைக்கால்லயே நட்டிருப்பாங்கன்னுதானே தாத்தா சொன்னாரு."

"அவங்க வீட்டுல, நாம நட்டிருப்போம்னு நெனச்சாங்களாம். பொறந்த வீட்டுக் கடமைன்னு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கடல் கெடந்துச்சு. யாருமே நடலே."

உனக்குத் தெரியும், சின்ன வயதில் திருநள்ளாறு போகிற சாலையோரம் நாம் பார்த்த சுமைதாங்கிகளை. நிமிர்த்தி நட்ட இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல், ஆள் மார்பு உயரம். பிள்ளையைச் சுமந்தபடி இறந்தவள் பேரில் நடுவது. வழிநடையில் வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். இறந்தவளின் வயிற்றுச் சுமையும் அப்போது இறங்கும் என்பார்கள். அதில் உட்கார்ந்து நாவற்பழம் தின்றதற்கு அப்பா நம்மை அடித்தார்.

"அம்மா இன்னும் எறக்கி வக்கல சின்னம்மா" என்றாள் கமலா. "அவ எறக்கி வக்காம நான் எப்படி எறக்கி வப்பேன்?"

படித்த பெண் அக்கா அவள். பிரெஞ்சில் என்னைவிட நன்றாக எழுதுவாள். நானும் படித்தவள்தான். இதெல்லாம் பழைய நம்பிக்கை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னது வேறு.

"கல்லு நட்டாப் போதுமா? ஒனக்குப் பயம் போயிடுமா?"

"போதும். நான் அங்க போகணும்னு ஆசையா என்ன? ராத்திரி நெனச்சாலே ஒதறுது. ஆனா வேற யாரு போவா? இவரு வேல வேலன்னு ஓடுவாரு, கல்லு நடச் சொன்னா மிசே கேலி பண்ணுவான்னு வெக்கப்படுவாரு. பின்ன நீயா போவே?" இப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "இந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து நீ பக்கத்துல இருக்கற தூ டுக்கக்கூடத் தாண்டினதில்லையே சின்னம்மா. அங்கயும் ரயிலு குலுங்குதுன்னு கண்ண மூடிட்டு வந்தே."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

மத்தியானம் மாப்பிள்ளை வந்ததும் படத்தைத் தேடினார். நானே எடுத்துக் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: ஆளே இல்லாத பாதையில் ஒரு சுமைதாங்கி இருந்து என்ன பயன், மாப்பிள்ளை? யார் வந்து இறக்கி வைக்கப் போகிறார்கள்? கமலா சொன்னதையும் சொன்னேன்.

அவர் வெட்கப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன் அத்தை, கமலா பயந்துடுவான்னு சொல்லாம வச்சிருந்தேன். எங்க சாமான தூக்கிட்டு வந்தவங்க எல்லாம் அந்தப் பழைய ஊர்க்காரங்கதான், கீழ எறங்கிப் போனாங்களே, அவங்க. பூ நாருக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட இருக்கு. அது வரைக்கும் வந்தாங்க. கரையில மூட்டையெல்லாம் எறக்கி வச்சிட்டு, இதுக்கு மேல வரமாட்டோம்னுட்டாங்க."

"ஏனாம்?"

"அக்கரையில அந்தம்மா இருக்காங்களாம். ஊர்ப் பேரச் சொல்றதே இல்ல. வயித்துப் பிள்ளையோட இருக்கறவங்க எடம்னுதான் சொல்றாங்க. நாங்க ரெண்டு மூணு பேருதான் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வர்றப்ப பாத்தேன், கூட வந்த பெரியவரு ஒருத்தரு தன் சோத்துல கொஞ்சம் எடுத்து எலையில வச்சு அக்கரைப் பக்கமா நகத்தி வச்சாரு. இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் வப்பாங்களாம். யாருக்குன்னு கேட்டேன். அந்தம்மாவுக்குப் பசிக்கும்ல, அப்பிடின்னாரு."

கேட்டாயா, அக்கா? கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நம்முடையவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் கடமையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். உனக்குப் பயந்து ஓடியவர்கள் உனக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ பசியோடு இருக்கவில்லை என்பதில் எனக்கு அழுகையா, ஆறுதலா? இரண்டும் ஒன்றாக வந்தது. ஓடைக்கரையில் அவர்கள் மூட்டை இறக்கி வைப்பதும் உன் பேரில்தான். அங்கே ஒரு கல் மட்டும்தான் இல்லை.

இனிமேல் வருவதை யாரிடமும் சொல்லவில்லை. கமலாவிடமும் மாப்பிள்ளையிடமும் பள்ளிக்கூடத்துத் தலைமை மதாமிடமும் சொல்லவில்லை.

தெத் முடிந்து மாப்பிள்ளை கிளம்பும் வண்டியில் நான் ஏறப் போகிறேன். வழியில் பியன் ஹோவாவில் கல் உடைக்கும் சீனர்களிடம் மூன்று கல் வாங்குவேன். மேலே ஏற ஏற நான் அழக்கூடும், திரும்பிப் போகலாம் என்று மாப்பிள்ளையைக் கெஞ்சக்கூடும். என் பேச்சைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்வேன். ஓடைக்கரையில் கல்லை நட்டு, முதல் சுமையை என் தலையிலிருந்து நானே இறக்கி வைப்பேன். பிள்ளை பெறாதவள் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், உன் மகளைச் சுமந்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

அதோடு திரும்பிவிட மாட்டேன். மூட்டைக்காரர்கள் இக்கரையிலேயே நிற்கட்டும். நான் தண்ணீரில் இறங்கி அக்கரைக்கு வருவேன். அந்த மூங்கிலுக்குள் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கமலாவை எனக்குக் கொடுத்தாயா, இல்லை கொஞ்ச காலத்துக்குப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டுப் போனாயா என்று கேட்பேன். எவ்வளவு பயந்தாலும் கேட்பேன். நீ ஒன்றும் சொல்லாவிட்டால், கொடுத்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

அவளுக்குப் பிரசவம் இந்த வீட்டில்தான். அவள் உன்னிடம் வர மாட்டாள். அவளுக்குப் பதிலாக நான் வருகிறேன்.

உன்னிடம் பயந்துகொண்டே வரும்,
உன் கூடப் பிறந்தவள்,
உன் மகளின் சின்னம்மா,
செண்பகம்
சைகோன்